ஒரே ஆர்டர் பட்டியல், ஏழு பேர்: ஆஃபிஸ் 2024, மைக்ரோசாஃப்ட் 365, கூகுள் ஒர்க்ஸ்பேஸ் மூன்றில் சிறு அலுவலகத்துக்கு எது?

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். அலுவலகத்தில் ஐந்து பேர், சரக்கு வண்டி ஓட்டுநர்கள் இருவர். ஆர்டர், இருப்பு, விலைப்பட்டியல் எல்லாம் ஒரே எக்செல் கோப்பில். கோப்பு அலுவலக நெட்வொர்க் டிரைவில் கிடக்கிறது. ஒருவர் திறந்து வைத்திருந்தால் அடுத்தவருக்கு ‘ரீட் ஒன்லி’ என்று வரும். அவர் ஒரு நகல் எடுத்து வேறு பெயரில் சேமித்துக்கொள்வார். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களில் ‘ஆர்டர் கடைசி’, ‘ஆர்டர் கடைசி புதுசு’, ‘ஆர்டர் கடைசி இதுதான்’ என்று மூன்று கோப்புகள் இருக்கும். மூன்றிலும் துவரம்பருப்பு மூட்டைக் கணக்கு வேறு வேறாக இருக்கும்.

இதிலிருந்து வெளியே வர மூன்று வழிகள். ஆஃபிஸ் 2024-ஐ ஒருமுறை விலைகொடுத்து வாங்கிவிடலாம். மைக்ரோசாஃப்ட் 365-க்கு மாதச் சந்தா கட்டலாம். கூகுள் ஒர்க்ஸ்பேஸுக்கு மாறிவிடலாம். விற்பனையாளர்கள் நீட்டும் வசதிப் பட்டியலை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள், மூன்றிலும் பட்டியல் நீளம்தான். உங்கள் கோப்பைத் திறப்பவர்களில் யாரிடம் மிகப் பழைய மென்பொருள் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நீங்கள் எந்தப் புது வசதியைப் பயன்படுத்தலாம் என்பதை அந்த ஒருவரின் கணினிதான் தீர்மானிக்கும்.

முதலில் ஒரு கணக்கெடுப்பு

ஒவ்வொரு கணினியிலும் எக்செலைத் திறந்து ‘ஃபைல்’, பிறகு ‘அக்கவுண்ட்’ என்று போனால் பதிப்பின் பெயர் தெரியும். ஒரு தாளில் மூன்று விவரம் எழுதுங்கள்: யார், எந்தப் பதிப்பு, கோப்பைத் திருத்துகிறாரா பார்க்க மட்டும் செய்கிறாரா. வெளியாட்களை விட்டுவிடாதீர்கள். காலாண்டுக்கு ஒருமுறை கோப்பை வாங்கிப் பார்க்கும் கணக்கர், ஜொகூரில் இருந்து சரக்கு அனுப்புபவர், சென்னைக் கிளையில் விலை சரிபார்ப்பவர் எல்லாரும் இதில் அடக்கம். பார்க்க மட்டும் செய்பவருக்குப் பிடிஎஃப் அனுப்பினால் போதும், அவர் பெயரை அடித்துவிடலாம். மீதமுள்ளவர்களில் மிகப் பழைய பதிப்பு எதுவோ அதுதான் உங்கள் எல்லை.

பதிப்புகளின் ஆயுளையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஆஃபிஸ் 2016, 2019 இரண்டுக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுபோயின. 2021 பதிப்புக்கு 2026 அக்டோபர் 13 வரை. 2024 பதிப்புக்கு 2029 அக்டோபர் 9 வரை.

பழைய பதிப்பு எப்படிக் காலை வாரும் என்று பார்ப்போம். எக்ஸ்லுக்கப், ஃபில்டர், யுனிக், சோர்ட் போன்ற புதிய ஃபார்முலாக்கள் 2021 பதிப்பில் இருந்துதான் உண்டு. விஸ்டாக், டெக்ஸ்ட்ஸ்பிளிட், லாம்டா ஆகியவை 2024-இல் வந்தன. குரூப்பை, பிவட்பை இரண்டும் 365-இல் மட்டும். இவற்றில் ஒன்றைப் போட்ட கோப்பை 2016 எக்செலில் திறந்தால் உடனே பிழை வராது. கடைசியாகக் கணக்கிட்ட எண்ணே கட்டத்தில் நிற்கும். பார்ப்பவர் எல்லாம் சரி என்று நினைப்பார். அவர் ஒரு வரிசையைத் திருத்தி, அந்தக் கட்டம் மறுபடி கணக்கிடப்படும்போதுதான் ‘#நேம்?’ என்று வரும். அதற்குள் பாதி வேலை நடந்திருக்கும். அனுப்பும் முன் ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’, ‘செக் ஃபார் இஷ்யூஸ்’, ‘செக் கம்பாட்டிபிலிட்டி’ என்ற வழியில் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

புது வசதிக்காக மாறத்தான் வேண்டுமா?

ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். நம் பொருள் சேவை வரி 2022 முடியும்வரை 7 விழுக்காடு, 2023 ஜனவரி 1 முதல் 8, 2024 ஜனவரி 1 முதல் 9. 2023-இல் விற்ற சரக்குக்கு இப்போது கிரெடிட் நோட் போட்டால் அன்றைய 8 விழுக்காடுதான் பொருந்தும். எனவே விகிதத்தை ஃபார்முலாவுக்குள் 0.09 என்று அடித்து வைப்பது தவறு. நாளைப் பார்த்து விகிதம் எடுக்க வேண்டும்.

தனித் தாளில் இரண்டு நிரல் (நெடுக்குப் பத்தி) போடுங்கள். முதலாவதில் தொடக்க நாள்: 2007 ஜூலை 1, 2023 ஜனவரி 1, 2024 ஜனவரி 1. இரண்டாவதில் 7, 8, 9 விழுக்காடு. இனி, ஒன்றைத் தேடி அதற்கு நேரான விடையை எடுத்துத் தரும் எக்ஸ்லுக்கப்பில் ஐந்து இடங்களை வரிசையாக நிரப்ப வேண்டும்: விற்ற நாள், தொடக்க நாள் நிரல், விகித நிரல், கிடைக்காவிட்டால் காட்ட வேண்டிய சொல், கடைசியில் -1. அந்த -1 என்றால் ‘இதே நாள் இல்லையென்றால் அதற்கு முந்தைய நாளை எடு’ என்று பொருள். நான்காவது இடத்தில் ‘நாளைச் சரிபார்’ என்று எழுதி வையுங்கள். நாள் காலியாக இருந்தாலும், எழுத்தாகப் பதிவாகியிருந்தாலும் அந்தச் சொல் வந்து நிற்கும். (ஃபார்முலாப் பெயர்களை இங்கே தமிழில் எழுதியிருந்தாலும் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.)

இதையே பழைய விலுக்கப்பிலும் செய்யலாம், ஆனால் பட்டியல் ஏறுவரிசையில் இருந்தாக வேண்டும். யாராவது புது விகிதத்தை மேலே சொருகிவிட்டால் பிழைச் செய்தி எதுவுமின்றித் தவறான வரி வரும். விலைப்பட்டியலில் விலுக்கப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கடைசி இடத்தில் ‘ஃபால்ஸ்’ என்று எழுத மறந்தால் அது தோராயமாகத் தேடும், பக்கத்துப் பொருளின் விலை வந்து உட்காரும். நடுவில் ஒரு நிரலைச் செருகினால் எண்ணி வைத்த நிரல் எண் நகர்ந்துவிடும். எக்ஸ்லுக்கப்பில் இரண்டு தொல்லையும் இல்லை. கூகுள் ஷீட்ஸிலும் இதே பெயரில், இதே வரிசையில் இது இயங்கும் என்பதால் மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தாலும் இந்தப் பாடம் வீண்போகாது.

வரித்தொகையை ‘ரவுண்ட்’ போட்டு 2 தசமத்துக்குச் சுருக்குங்கள். கட்டத்தை 2 தசமமாகக் காட்டச் சொல்வது வேறு, எண்ணையே சுருக்குவது வேறு. முன்னதில் பின்னம் உள்ளே ஒளிந்திருக்கும், நாற்பது வரி விலைச்சீட்டின் கூட்டலில் ஒரு காசு, இரண்டு காசு இடிக்கும்.

வரிசைகளை வடிகட்டும் ஃபில்டரும், திரும்ப வருபவற்றை நீக்கும் யுனிக்கும் தரும் விடை ஒரே கட்டத்தில் நிற்காமல் கீழே வழிந்து ஓடும். வழியில் ஏதாவது எழுத்து இருந்தாலோ, இணைத்த கட்டம் இருந்தாலோ ‘#ஸ்பில்!’ என்று நின்றுவிடும். கன்ட்ரோல்+T கொடுத்து உருவாக்கிய டேபிளுக்குள் இந்த ஃபார்முலாவைப் போட்டாலும் அதே பிழைதான். தரவு டேபிளில் இருக்கட்டும், ஃபில்டர் விடைக்கு வேறு தாள் வைத்துக்கொள்ளுங்கள். அழகுக்காகக் கட்டங்களை இணைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்த இடத்தில்தான் அதை விடுவார்கள்.

ஆஃபிஸ் 2024: ஒருமுறை கட்டினால் முடிந்தது

ஒரே ஆள் திருத்துகிறார், மற்றவர்கள் பார்க்கிறார்கள் என்றால் இதுவே மலிவு. உண்மையில் பல சிறு கடைகளுக்கு இதற்கு மேல் தேவையில்லை. ஆனால் பெட்டியின் மேல் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். ‘ஹோம் 2024’ வீட்டு உபயோகத்துக்கு மட்டும். வியாபாரத்துக்கு உரிமை தருவதும், அவுட்லுக் சேர்ந்து வருவதும் ‘ஹோம் அண்ட் பிசினஸ் 2024’. ஓர் உரிமம் ஒரு கணினிக்கு மட்டும். 365-இன் ‘பெர்சனல்’, ‘ஃபேமிலி’ சந்தாக்களும் வியாபாரத்துக்கு ஆகாதவையே. அலுவலகக் கணினியில் அவை ஓடிக்கொண்டிருப்பது சர்வசாதாரணம் என்பது வேறு கதை.

வாங்கிய பிறகு பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும், புது வசதி வராது. பலர் ஒரே நேரத்தில் திருத்த வேண்டுமானால் கோப்பு மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பகங்களான ஒன்டிரைவிலோ ஷேர்பாயிண்டிலோ இருக்க வேண்டும், அந்த அலுவலகச் சேமிப்பகம் இந்த விலையில் சேராது. நெட்வொர்க் டிரைவிலேயே கோப்பை வைத்திருந்தால் ‘ரீட் ஒன்லி’ கதை தொடரும்.

செலவை ஒப்பிட, உரிம விலையை 2029 அக்டோபர் வரை மீதமுள்ள மாதங்களால் வகுத்து, வரும் தொகையைச் சந்தாவின் மாத விலையோடு பக்கத்தில் வையுங்கள்.

மைக்ரோசாஃப்ட் 365: எக்செலை விட முடியாதவர்களுக்கு

மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் கட்டளைத் தொகுப்பு) ஓடும் கோப்பு இருக்கிறதா, கணக்கர் எக்செல்தான் கேட்பாரா, அப்படியானால் கூகுளை யோசிக்கவே வேண்டாம். மேக்ரோக்கள் ஷீட்ஸில் ஓடா. பிரவுசரில் திறக்கும் எக்செலிலும் ஓடா, கணினியில் நிறுவிய எக்செல்தான் வேண்டும். சந்தா வகையில் இதைக் கவனியுங்கள்: ‘பிசினஸ் பேசிக்’கில் பிரவுசரும் கைத்தொலைபேசிச் செயலியும் மட்டும், ‘பிசினஸ் ஸ்டாண்டர்ட்’டில் நிறுவும் எக்செலும் உண்டு. இரண்டையும் கலந்து வாங்கலாம். நம் மளிகை நிறுவனத்தில் அலுவலக ஐவருக்கு ஸ்டாண்டர்ட், ஓட்டுநர் இருவருக்கு பேசிக் போதும்.

கோப்பை ஒருவரின் சொந்த ஒன்டிரைவில் வைக்காதீர்கள். அவர் வேலையை விட்டுப் போய்க் கணக்கு நீக்கப்பட்டால், இயல்பான அமைப்பில் 30 நாளில் அந்த ஒன்டிரைவும் போய்விடும். ஷேர்பாயிண்ட் தளம் ஒன்று திறந்து அதில் வையுங்கள். கோப்புக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தால் பலர் சேர்ந்து திருத்த முடியாது, அதை எடுத்துவிட்டு யார் திறக்கலாம் என்ற அனுமதியால் கட்டுப்படுத்துங்கள்.

மாறிய முதல் வாரத்தில் எல்லாரும் விழும் பள்ளம், கோப்பைத் தானாகவே சேமித்துக்கொண்டிருக்கும் ஆட்டோசேவ். போன மாத விலைச்சீட்டைத் திறந்து, பெயரையும் தொகையையும் மாற்றி, கடைசியில் ‘சேவ் ஆஸ்’ கொடுப்பது நம் பழக்கம். ஒன்டிரைவிலோ ஷேர்பாயிண்டிலோ இருக்கும் கோப்பில் முதல் எழுத்தை அடித்தபோதே போன மாதச் சீட்டு அழியத் தொடங்கிவிட்டது. திறந்த உடனே ‘ஃபைல்’, ‘சேவ் எ காப்பி’ கொடுத்துவிட்டுத்தான் விரலை விசைப்பலகையில் வைக்க வேண்டும். ஏற்கெனவே விழுந்துவிட்டால் ‘ஃபைல்’, ‘இன்ஃபோ’, ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யில் முந்தைய வடிவத்தை மீட்கலாம்.

ஒருவர் பட்டியலை வடிகட்டினால் மற்றவர் திரையிலும் வரிசைகள் மறைந்து, ‘யார் என் ஆர்டரை அழித்தது’ என்று சண்டை வரும். எக்செல் ‘எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா’ என்று கேட்கும்போது எனக்கு மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘வியூ’ பட்டியலில் உள்ள ‘ஷீட் வியூ’ இதற்காகவே வந்தது. யார் எந்தக் கட்டத்தை மாற்றினார் என்று அறிய ‘ரிவ்யூ’வில் ‘ஷோ சேஞ்சஸ்’ இருக்கிறது. அது 60 நாள்வரை நினைவில் வைத்திருக்கும்.

கூகுள் ஒர்க்ஸ்பேஸ்: கைத்தொலைபேசியில் வேலை அதிகமானால்

பலர் ஒன்றாக அடிப்பதில் ஷீட்ஸின் கை இன்னும் ஓங்கியே இருக்கிறது. பதிப்புத் தகராறே கிடையாது, எல்லாரும் எப்போதும் ஒரே பதிப்பில்தான் இருக்கிறார்கள். முதலில் நடத்திய கணக்கெடுப்பில் வெளியாட்களின் பழைய எக்செல்தான் உங்கள் தலைவலி என்று தெரிந்தால், அவர்களுக்கு ஒரு லிங்க் அனுப்பிப் பிரவுசரில் திறக்கச் சொல்வது எளிய மருந்து.

திறந்ததும் முதல் வேலை: ‘ஃபைல்’, ‘செட்டிங்ஸ்’ போய் லொக்கேலை (நாள், எண் எழுதும் வட்டார முறையை) சிங்கப்பூர் என்றும், நேர மண்டலத்தையும் அவ்வாறே மாற்றுவது. அமெரிக்கா என்று இருந்தால் ஏப்ரல் 3 என்று நீங்கள் அடித்த 3/4 மார்ச் 4 ஆகிவிடும். ஆண்டோடு 25/4/2025 என்று அடித்தால், 25 எந்த மாதமாகவும் பொருந்தாததால் வெறும் எழுத்தாக நிற்கும். பாதி நாள் தவறு, பாதி நாள் எழுத்து. பிறகு லொக்கேலை மாற்றினாலும் ஏற்கெனவே தவறாகப் பதிந்தவை தாமாகத் திருந்தா. எக்செலிலும் விண்டோஸின் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் இதே கதிதான். ஒரு சோதனை: நிரலின் இடம், வலம் ஒழுங்கமைப்பை எடுத்துவிட்டால் உண்மையான நாள் வலப்பக்கம் ஒட்டும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும்.

எக்செல் கோப்பைக் கூகுள் டிரைவில் ஏற்றி அப்படியே திருத்தலாம், அல்லது ‘சேவ் ஆஸ் கூகுள் ஷீட்ஸ்’ கொடுத்து மாற்றலாம். மாற்றும்போது இரண்டாவது கோப்பு ஒன்று உருவாகிறது, பழையதும் அங்கேயே நிற்கிறது. இருவர் பழையதிலும் மூவர் புதியதிலும் ஒரு வாரம் வேலை செய்வது இப்படித்தான். மாற்றிய அன்றே பழையதை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். ஜனவரி முதல் டிசம்பர்வரை எல்லாத் தாளையும் ஒரே ஃபார்முலாவில் கூட்டும் எக்செல் வழக்கம் ஷீட்ஸில் செல்லாது என்பதும் நினைவிருக்கட்டும்.

வடிகட்டல் சண்டை இங்கும் உண்டு. சாதாரண ஃபில்டர் எல்லார் திரையையும் மாற்றும், ‘ஃபில்டர் வியூ’ உங்களுக்கு மட்டும். 2024-இல் வந்த ‘கன்வர்ட் டு டேபிள்’, ‘ஃபார்மட்’ பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு நிரலுக்கும் நாள், எண், தேர்வுப்பட்டியல் என்று வகை நிர்ணயித்துவிட்டால், எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘பத்து மூட்டை’ என்று யாராவது எழுதினால் பிழையென்று காட்டும்.

ஓட்டுநர்களுக்குத் திருத்தும் உரிமை தரவே வேண்டாம் என்பது என் கட்சி. ஓடும் அவசரத்தில் கைத்தொலைபேசித் திரையில் ஒரு வரிசை தப்பி விரல் பட்டால் அடுத்த கடையின் அளவு மாறிவிடும். கூகுள் ஃபார்ம்ஸில் கடை, அளவு, குறிப்பு என்று மூன்று கேள்வி போட்டு லிங்க் கொடுங்கள், பதில்கள் ஷீட்ஸில் தனித் தாளில் வந்து விழும். அடித்தள லோடிங் பேயில் சிக்னல் போய்விடும் இடங்களில், மேலே வந்து அனுப்பச் சொல்ல வேண்டியதுதான்.

கோப்பின் உரிமை விஷயத்தில் 365-க்குச் சொன்னதே இங்கும். ‘மை டிரைவ்’ தனியாளுக்குச் சொந்தம், ‘ஷேர்டு டிரைவ்’ நிறுவனத்துக்குச் சொந்தம். பின்னது ‘பிசினஸ் ஸ்டார்ட்டர்’ சந்தாவில் கிடையாது, ‘ஸ்டாண்டர்ட்’ வாங்க வேண்டும். மலிவுச் சந்தாவில் சேர்ந்த பலர் ஊழியர் ஒருவர் விலகும்போதுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். நீக்கிய கணக்கை மீட்க 20 நாள்தான் அவகாசம்.

செயற்கை நுண்ணறிவு உதவியைக் காரணம் காட்டி முடிவெடுக்க வேண்டாம். கூகுள் 2025 ஜனவரியில் ஜெமினியை வணிகச் சந்தாக்களுக்குள்ளேயே சேர்த்து விலையைக் கூட்டியது. மைக்ரோசாஃப்டின் கோபைலட்டுக்கு அலுவலகங்கள் தனியாகக் கட்ட வேண்டும். எதுவானாலும் அது தரும் கூட்டுத்தொகையைச் ‘சம்’ ஃபார்முலாவோடு ஒப்பிடாமல் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

எதைத் தேர்ந்தாலும் சிங்கப்பூர் முகவரி செய்யும் குறும்பு

ராபிள்ஸ் பிளேஸ், ஷென்டன் வே, தஞ்சோங் பகார் பக்கத்து அஞ்சல் குறியீடுகள் 0-வில் தொடங்கும். கட்டத்தில் ஒட்டிய உடனே முன்னிருக்கும் 0 பறந்துபோய் ஐந்து இலக்கம்தான் மிஞ்சும். ஒட்டும் முன்பே நிரலை ‘டெக்ஸ்ட்’ ஆக்குங்கள். போய்விட்டதை மீட்க ‘டெக்ஸ்ட்’ ஃபார்முலாவில் ஆறு 0 கொண்ட வடிவத்தைக் கொடுக்கலாம். 365 எக்செலில் ‘ஆப்ஷன்ஸ்’, ‘டேட்டா’ பகுதியில் இந்தத் தானியங்கி மாற்றத்தையே அணைக்க முடியும். புளோக் வீட்டு எண்ணை 05-12 என்று வெறுமனே அடித்தால் அது டிசம்பர் 5 ஆகிவிடும். முன்னால் # போட்டு அடித்தால் எழுத்தாகவே நிற்கும்.

பொருளைத் தேடத் தமிழ்ப் பெயரைப் பயன்படுத்தாமல் குறியீட்டு எண் கொடுங்கள். ‘கொத்தமல்லி’, ‘தனியா’, ‘மல்லி’ மூன்றும் ஒரே மூட்டைதான், கணினிக்கு மூன்று பொருள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியல் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றாமல் எந்தத் தேடலும் பிடிபடாது.

ஊழியர், வாடிக்கையாளர் விவரமுள்ள கோப்பை ‘லிங்க் உள்ள எவரும்’ என்று பகிரவே கூடாது. அடையாள அட்டை எண்ணைச் சட்டம் கேட்டாலொழியப் பொதுவாகச் சேகரிக்கக்கூடாது என்ற நெறி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது, எனவே டெலிவரிப் பட்டியலில் அந்த நிரல் இருந்தால் முதலில் அதை நீக்குங்கள். 500 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரின் தரவு கசிந்தால் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அறிவிக்க வேண்டிய கசிவு என்று முடிவான பிறகு கிடைப்பது மூன்றே நாள்.

மாறும் நாளைத் தீபாவளிப் பருவத்திலோ, காலாண்டு வரித்தாக்கல் நெருங்கும் வாரத்திலோ வைக்காதீர்கள், தாக்கல் முடிந்த மறுவாரம் நல்லது. வரிப் பதிவேடுகளை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டியிருப்பதால் பழைய கோப்பை அழிக்காமல் ‘ரீட் ஒன்லி’ ஆக்கித் தனி ஃபோல்டரில் போடுங்கள். அதற்கு முன் கடைசி முழு மாதத்தைப் புதியதில் ஏற்றி, மொத்த விற்பனை, மொத்த வரி, வரிசைகளின் எண்ணிக்கை மூன்றையும் பழையதோடு ஒப்பிடுங்கள். வரிசை எண்ணிக்கை ஒத்துப்போய் வரி மட்டும் இடித்தால் நாள் நிரலைத் தோண்டுங்கள். விற்பனையே இடித்தால், எழுத்தாக மாறிப்போன எண்கள் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும்.